புரோப் சோனிகேட்டர்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

திரவத்துக்குள் உலோக முனையை (டிப்) இறக்கி, மீயொலி அதிர்வால் பொடிக் கட்டிகளை உடைத்துப் பிரிக்கும் இந்த மெஷின் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. 20 கிலோஹெர்ட்ஸ், 500 வாட், 13 மில்லிமீட்டர் டைட்டானியம் டிப். அதற்கு முன், தண்ணீர்த் தொட்டிக்குள் பாத்திரத்தை வைத்து அதிரவைக்கும் பாத் சோனிகேட்டரோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் கலந்து அதில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தாலும், மேசையில் வைத்த அரை மணியில் பாதி அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

இதில் அதே பொடிக்கு ஐந்து நிமிடம் போதும். ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைக் காட்டும் டி.எல்.எஸ்ஸில் 900 நானோமீட்டர் காட்டியது 160-க்கு இறங்கியது. டப்பாவில் 21 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது தனித் துகளின் அளவு. தயாரிக்கும்போதே சூட்டில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிய கொத்துகளை எவ்வளவு நேரம் அடித்தாலும் முழுதாகப் பிரிக்க முடியாது, மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்புறம், பிஹெச்சையோ (அமில-காரத் தன்மை) சர்பாக்டன்ட்டையோ (துகள்கள் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்) சரியாக வைக்காவிட்டால் பிரிந்ததும் மறுபடி கட்டிதட்டிவிடும்.

முக்கியமான குறை வாட் கணக்கு. திரையில் 90 வாட் என்று வருவது மெஷின் இழுக்கிற மின்சாரம், திரவத்துக்குள் போவது அல்ல. 100 மில்லி தண்ணீரில் டிப்பை இறக்கி ஐஸ் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டி வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 8 டிகிரி ஏறியது. கணக்குப் போட்டால் சுமார் 56 வாட்தான். கட்டுரையில் எழுதுவதென்றால் இந்த எண்ணை எழுதுங்கள், "70 சதவீத ஆம்ப்ளிட்யூட்" என்று டிப்பின் அதிர்வு வீச்சை மட்டும் எழுதினால் வேறு மெஷின் வைத்திருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

சூடு ஏறுவதால் ஐஸ் தொட்டியில் பீக்கரை வைத்து, 5 விநாடி ஓட்டம், 5 விநாடி நிறுத்தம் என்று பல்ஸில்தான் ஓட்டுகிறோம். டிப் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால் காற்றை இழுத்து நுரை தள்ளும், பிறகு சத்தம் மட்டும்தான் மிச்சம். அந்தச் சத்தம் இருக்கிறதே, பல் கூசும். ஒலித்தடுப்புப் பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும் என்பதை விற்றவர்கள் பில் போட்ட பிறகுதான் சொன்னார்கள்.

அவர்கள் சொல்லவே சொல்லாதது டிப் தேயும் என்பது. மூன்றாவது மாதத்தில் மாதிரியை சென்ட்ரிஃபியூஜில் சுற்றியபோது அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, என் பொடியோ வெள்ளை. டிப்பைக் கழற்றிப் பார்த்தால் முனை அம்மி கொத்தியது போலக் குழி குழியாக இருந்தது. அதிர்வால் திரவத்தில் உண்டாகும் குமிழி வெடித்து வெடித்து அரித்த டைட்டானியம்தான் மாதிரியில் கலந்திருக்கிறது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சமன் செய்யலாம், ஆனால் அதிகம் தேய்த்தால் நீளம் குறைந்து அதிர்வெண் ஒத்துப்போகாது. உத்தரவாதத்தில் டிப் வராதாம்.

டைட்டானியம் கலந்தாலே கெட்டுவிடும் வேலை உங்களுடையது என்றால் இதை வாங்காதீர்கள், குப்பியை மூடியபடியே வெளியிலிருந்து அதிரவைக்கும் கப் ஹார்ன் கேளுங்கள். மற்றவர்கள் வாங்கலாம், ஆர்டரிலேயே இரண்டாவது டிப்பையும் ஒலித்தடுப்புப் பெட்டியையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.