பலகையிலிருந்து 'பாப்டிஸ்ட்' போனால் கூட்டம் வருமா?

நம் ஊரில் ஒருவர் கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் அடுத்து வரும் கேள்வி "எந்த சபை?" என்பதுதான். ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று ஏதாவது ஒரு பதில் வந்தாக வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கேள்வியே எழாதபடி பெயர் வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. சம்மிட், எலிவேஷன், சேடில்பேக் என்றெல்லாம் பலகைகள். உள்ளே போய் விசாரித்தால்தான் பூர்வீகம் தெரியும்.

காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. 2020 அமெரிக்க மதக் கணக்கெடுப்பின்படி எந்தப் பிரிவையும் சேராத தனிச் சபைகள் சுமார் 44,000, அவற்றில் 2.1 கோடி பேர். பத்தாண்டுகளுக்கு முன் அச்சபைகள் 35,000 சொச்சம்தான். மறுபுறம், நாட்டின் மிகப்பெரிய புராட்டஸ்டன்ட் பிரிவான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனில் 2006இல் 1.63 கோடி உறுப்பினர்கள் இருந்தார்கள், 2023இல் 1.3 கோடிக்கும் கீழே போய்விட்டது. இதைப் பார்க்கும் பாஸ்டருக்குப் பலகையை மாற்றத் தோன்றாமல் இருக்குமா? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 2.1 கோடிப் பேர் உண்மையிலேயே பிரிவு சாராத சபைகளில் இருப்பவர்கள். பிரிவுக்குள் இருந்துகொண்டே பெயரை மட்டும் மறைக்கும் சபைகள் வேறு ரகம். இங்கே எடை போடுவது அவற்றையும், பெயரையே மாற்றிக்கொண்ட பிரிவுகளையும்தான்.

முதலில் உள்ளூர்ச் சபை தன் பெயரில் பிரிவைச் சொல்லாமல் விடும் வழி. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. ராபர்ட் ஷுல்லர், டச்சு வேர் கொண்ட ரிஃபார்ம்டு சர்ச் இன் அமெரிக்காவின் போதகர். 1955இல் அங்கே போய், காரில் இருந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டரை ஞாயிறு காலைகளுக்கு வாடகைக்குப் பிடித்தார். தின்பண்டக் கடையின் கூரைமேல் நின்று பிரசங்கம். சபையின் பெயர் கார்டன் குரோவ் கம்யூனிட்டி சர்ச், 'ரிஃபார்ம்டு' கிடையாது. கூட்டம் குவிந்தது, தொலைக்காட்சி வந்தது, 1980இல் கண்ணாடியாலேயே எழுப்பிய கிறிஸ்டல் கதீட்ரல் வந்தது. பிறகு கடன், குடும்பத்துக்குள் வாரிசுச் சண்டை. 2010இல் திவால். கட்டடத்தை 5.75 கோடி டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? ஆரஞ்சு கத்தோலிக்க மறைமாவட்டம். பிரிவின் பெயர் வேண்டாம் என்று தொடங்கிய சபையின் ஆலயம் 2019 முதல் ஆர்.சி. பேராலயம்!

அதே கவுண்டியில் 1980இல் ரிக் வாரன் தொடங்கியது சேடில்பேக். சதர்ன் பாப்டிஸ்ட் உறவு உண்டு, பலகையில் 'பாப்டிஸ்ட்' இல்லை. ஆனால் வாசலில் மறைத்ததை உள்ளே மறைக்கவில்லை. முழுக்கு ஞானஸ்நானம் கட்டாயம், உறுப்பினராகும் முன் வகுப்பில் உட்கார வேண்டும், அங்கே சபையின் விசுவாசம் இன்னதென்று சொல்லிவிடுவார்கள். 2022இல் வாரன் ஓய்வு பெற்றுப் பொறுப்பை ஒப்படைத்தார். ஷுல்லர் வீட்டில் நடந்த கலவரம் இங்கே இல்லை. 2023இல், பெண்ணைப் போதகராக வைத்திருப்பதற்காகக் கன்வென்ஷன் சேடில்பேக்கை வெளியேற்றியது. சபை கலைந்துவிடவில்லை. இத்தனை வருடம் பாப்டிஸ்ட் சபைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம் என்பதையே அன்றைய செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சேடில்பேக் தெளிவாக முந்துகிறது. ஆனால் இரண்டிலும் ஒரே விஷயம் நடந்தது. பிரிவின் பெயர் காலி செய்த நாற்காலியில் 'கம்யூனிட்டி' வந்து உட்காரவில்லை, பாஸ்டர் உட்கார்ந்தார். ஜனங்களுக்கு அது ஷுல்லர் சர்ச், ரிக் வாரன் சர்ச். ரிஃபார்ம்டு சபைக்கு ஆள் சேரவில்லை என்றால் ஒரு பிரிவுக்குக் கஷ்டம். பாஸ்டரின் முகத்துக்காகச் சேர்ந்த கூட்டம், அந்த முகம் போனால் என்ன செய்யும்? பெயரை மாற்ற யோசிக்கும் சபைக் கமிட்டி முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வண்ணத்தையும் லோகோவையும் அப்புறம் பார்க்கலாம்.

இரண்டாவது வழி, பழைய பெயரைச் சட்டப்படி வைத்துக்கொண்டு மேலே புதுச் சீட்டு ஒட்டுவது. சதர்ன் பாப்டிஸ்ட்டுகள் 2012இல் இதைச் செய்தார்கள். 'சதர்ன்' என்பது வெறும் திசை அல்ல; அடிமைகளை வைத்திருந்தவர்களை மிஷனரிகளாக அனுப்பலாமா என்ற சண்டையில் 1845இல் பிரிந்து பிறந்த அமைப்பு அது. எனவே விரும்பும் சபைகள் 'கிரேட் கமிஷன் பாப்டிஸ்ட்ஸ்' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானம். ஆதரவு ஏறக்குறைய 53 சதவீதம்தான். இன்றும் பத்திரிகைகள் 'சதர்ன் பாப்டிஸ்ட்' என்றே எழுதுகின்றன. மாற்றம் எதுவும் தேவையில்லை என்பவருக்கும் திருப்தி இல்லை, முழுக்க மாற்ற வேண்டும் என்பவருக்கும் திருப்தி இல்லை. எனக்குப் பிடிக்காத வழி இதுதான். 2018 முதல் 2021 வரை கன்வென்ஷனின் தலைவராக இருந்த ஜே.டி. கிரியரின் சொந்தச் சபை சம்மிட் சர்ச். அதன் பழைய பெயர் ஹோம்ஸ்டெட் ஹைட்ஸ் பாப்டிஸ்ட் சர்ச்!

மூன்றாவது, பிரிவே பெயரை மாற்றுவது. இதற்கும் எதிர்த்திசைக்கும் சேர்த்து ஒரே குடும்பத்தில் உதாரணம் கிடைக்கிறது. மார்மன் இயக்கத்தைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தை நிறுவனராகக் கொண்ட சபைகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். மிசௌரியை மையமாகக் கொண்ட சிறிய சபை 'பிற்காலப் பரிசுத்தவான்கள்' என்று முடியும் தன் நீண்ட பெயரை 2001இல் விட்டுவிட்டு 'கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட்' ஆனது. யூட்டாவின் பெரிய சபை நேர்மாறு. 2018இல் அதன் தலைவர் ரஸ்ஸல் நெல்சன், இனி 'மார்மன்' என்ற பட்டப்பெயர் வேண்டாம், 'இயேசு கிறிஸ்துவின் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை' என்று முழுப்பெயரையும் சொல்லுங்கள் என்றார். உலகப் புகழ்பெற்ற மார்மன் டேபர்னக்கிள் பாடகர் குழுவின் பெயர்கூட மாறியது. முதல் சபைக்குப் புதுப்பெயரால் கூட்டம் பெருகிவிடவில்லை. ஆனால் அந்த மாற்றத்தில் நேர்மை இருந்தது: 1984லேயே பெண்களுக்குக் குருத்துவத்தைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள். சபை முதலில் மாறியது, பலகை பின்னால் மாறியது.

சென்னையில் 1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆனபோதும் பழைய பெயர்கள் கழன்றன. ஆனால் அது ஆள் பிடிக்கச் செய்ததல்ல, நிர்வாகமும் பீடமும் ஒன்றானதால் வந்த பெயர். அப்படியும் திருநெல்வேலிப் பக்கம் 'நாங்க எஸ்.பி.ஜி., அவங்க சி.எம்.எஸ்.' என்று பழைய ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்களின் பெயரைச் சொல்லும் பேச்சு இன்னும் ஓயவில்லை.

என் வரிசை இப்படி: கொள்கையோ அமைப்போ உண்மையில் மாறியபின் பெயரை மாற்றும் சபைக்கு முதலிடம். பலகையில் விட்டுவிட்டு, இணையதளத்தின் முதல் பக்கத்திலேயே 'நாங்கள் இன்ன பிரிவு' என்று சொல்லும் சபைக்கு இரண்டாமிடம். பாதிச் சீட்டு ஒட்டியவர்களுக்குக் கடைசி இடம். புதிதாகப் போகிறவர் பெயரை விட்டுவிட்டு மூன்று விஷயம் விசாரித்தால் போதும்: கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, காணிக்கைக் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள், பாஸ்டர் தவறு செய்தால் கேட்க அவருக்கு மேலே யார் இருக்கிறார்கள்.