பரந்தன் ஆட்டுப்பால் விற்பனை நிலையம்: ஒரு மதிப்பீடு

பரந்தனில் ஏ-9 வீதியோரமாக இயங்கும் இச்சிறு நிலையத்தைப் பாராட்டுவதற்கு முதற்காரணம், ஒவ்வொரு போத்தலிலும் ஆட்டின் இனமும் அது குட்டி ஈன்ற திகதியும் எழுதப்பட்டிருப்பதாகும். ஆட்டுப்பாலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 மில்லிகிராம் கல்சியமும் 200 மில்லிகிராம் பொற்றாசியமும் உண்டு என்பது சராசரிக் கணக்கே. ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப்பாலில் கனிமங்கள் செறிந்திருக்கும். சில நாட்களில் அச்செறிவு தணிந்துவிடும். பால் வற்றும் காலத்திலோ, மடியின் சுரப்புக் கலங்களுக்கு இடையிலான பிணைப்புத் தளர்வதால், இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைட்டும் பாலுக்குள் கூடுதலாகக் கசிய, பொற்றாசியம் குறைகிறது. கடைசிக்காலப் பாலில் இலேசாக உப்புக் கரிப்பதற்கு இதுவே காரணம். திகதியைப் பார்த்து வாங்கும் வசதி, உப்பைக் கட்டுப்படுத்த வேண்டிய முதியோர் உள்ள வீட்டுக்கு மிகவும் பெறுமதியானது.

இங்கு சானன் கலப்பின ஆடுகளின் பாலும் ஜமுனாபாரியின் பாலும் தனித்தனியே கிடைக்கின்றன. சானன் நிறையக் கறக்கும், ஆனால் பால் சற்று நீர்த்தது. ஜமுனாபாரிப் பாலில் கொழுப்புக் கூடுதல், தயிருக்கு நான் அதையே வாங்குகிறேன். இனத்தோடு தீனியும் கனிம அளவை மாற்றும் என்பதால், ஆடுகளுக்குக் கொடுக்கும் குழை வகைகளையும் எழுதிவைத்தால் நன்று.

ஒன்றை மட்டும் ஏற்க இயலவில்லை. இப்பால் இரத்தச்சோகையைத் தீர்க்கும் என்று சுவரில் எழுதியிருக்கிறார்கள். ஆட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, இரத்தம் உருவாகத் தேவையான ஃபோலேற் என்ற விற்றமினும் அப்படியே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இதைக் கொடுக்கவே கூடாது. அந்த வாசகத்தை உடனே அழித்துவிட வேண்டும்.