விவாடோவா குவார்ட்டஸா என்று கேட்கும் முன் கூட வரும் சிமுலேட்டரைப் பாருங்கள்

உள்ளே இருக்கும் சுற்றை நாமே வடிவமைத்து ஏற்றும் சிப்தான் எஃப்பிஜிஏ. அதற்கான மென்பொருளில் புது வெளியீடு வரும்போதெல்லாம் அதே கேள்விதான் வருகிறது: ஏஎம்டியின் (முன்பு சைலிங்ஸ்) விவாடோ நல்லதா, ஆல்டெராவின் குவார்ட்டஸ் நல்லதா, இல்லை லாட்டிஸ் நிறுவனத்தின் பக்கம் போய்விடலாமா? சிந்தெசிஸ் (எழுதிய நிரலைச் சுற்றாக மாற்றுவது), ப்ளேஸ் அண்ட் ரூட் (அந்தச் சுற்றைச் சிப்பில் இடம் பார்த்து வைத்து இணைப்பது) வரைக்கும் இந்தக் கேள்விக்கு அர்த்தமே கிடையாது. போர்டில் ஆர்டிக்ஸ்-7 இருந்தால் விவாடோதான், சைக்ளோன் V இருந்தால் குவார்ட்டஸ்தான். சிப்பை வாங்கிய அன்றே மென்பொருளும் முடிவாகிவிட்டது. சிப்பில் ஏற்றும் முன் கணினியிலேயே டிசைனை ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் அப்படி இல்லை. சுற்றை விவரிக்கும் மொழிகளில் நீங்களே எழுதிய வெரிலாக்கோ விஎச்டிஎல்லோ எந்தச் சிப்புக்குள் போகப்போகிறது என்பது அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. எஃப்பிஜிஏ வேலையில் நேரம் அதிகமாகப் போவதும் அங்கேதான். சிப்பில் ஏற்றும் கோப்பான பிட்ஸ்ட்ரீமை ஒரு நாளில் சில முறை போடுவோம், டிசைனைச் சோதிக்கும் நிரலான டெஸ்ட்பெஞ்சை ஓட்டுவதற்குக் கணக்கே கிடையாது. அதனால் ஒப்பிட வேண்டியது சிமுலேட்டர்களைத்தான் என்பது என் கட்சி.

முதலில் பதிப்பு எண்கள், ஏனென்றால் இதிலேயே நிறையப் பேர் குழம்புகிறார்கள். விவாடோ எளிது: வருடத்துக்கு இரண்டு, 2025.1, 2025.2 என்று. குவார்ட்டஸ் பிரைமில் ஓடுவது இரண்டு தனித் தடங்கள். ப்ரோ பதிப்பு வருடத்துக்குப் பல முறை வருகிறது. ஸ்டாண்டர்ட், லைட் இரண்டும் ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று. எண் ஒன்றாக இருந்தாலும் ப்ரோ 24.1 வேறு, லைட் 24.1 வேறு; தாங்கும் சிப்புகள் வேறு, மொழியைப் படிக்கும் உள்பகுதியே வேறு. சைக்ளோன் V, மேக்ஸ் 10 வைத்திருப்பவர் ப்ரோவை இறக்கிவிட்டு என் சிப் பட்டியலில் காணோமே என்று தேடிக்கொண்டிருப்பார், அது அங்கே இருக்கவே இருக்காது. அஜிலெக்ஸ் 5 இ-சீரிஸ், அஜிலெக்ஸ் 3 என்றால் ப்ரோதான், அதற்கு இப்போது கட்டணமில்லா லைசென்ஸே கிடைக்கிறது. இது நல்ல மாற்றம், முன்பெல்லாம் ப்ரோ என்றாலே பெரும்பாலும் பணம்தான்.

சரி, சிமுலேட்டருக்கு வருவோம்.

விவாடோவின் எக்ஸ்சிம்

விவாடோவுக்கு முன்னோடியான ஐஎஸ்இ காலத்தில் ஐசிம் என்று ஒரு சிமுலேட்டர் இருந்தது. 2012-இல் விவாடோ வந்தபோது அந்த இடத்தை எக்ஸ்சிம் பிடித்தது. (ஐஎஸ்இ 2013-இல் 14.7-ஓடு நின்றுவிட்டது. ஸ்பார்ட்டன்-6 வைத்திருப்பவர்களுக்கு இன்றும் அதுதான் கதி, விவாடோ 7-சீரிஸுக்கு முன்னால் எதையும் தொடாது.) எக்ஸ்சிம்மின் மிகப் பெரிய பலம், லைசென்ஸ் என்ற பேச்சே இல்லாதது. விவாடோவின் ஸ்டாண்டர்ட் பதிப்பை இறக்க ஒரு கணக்கும் ஏற்றுமதி விதிகளுக்கான படிவமும் வேண்டும். இன்ஸ்டால் ஆன பிறகு கோப்பு தேடுவது, வருடா வருடம் புதுப்பிப்பது எதுவும் கிடையாது. வரி எண்ணிக்கைக்கு வரம்பில்லை. வெரிலாக், விஎச்டிஎல் இரண்டையும் கலந்து ஓட்டலாம். டெஸ்ட் எழுத உதவும் யூவிஎம் 1.2 லைப்ரரி கூடவே வருகிறது, வெரிலாக்கின் விரிந்த வடிவமான சிஸ்டம்வெரிலாக்கின் ரேண்டமைஸ் (தற்செயல் உள்ளீடு), கவர்குரூப் (எதெல்லாம் சோதிக்கப்பட்டது என்ற கணக்கு) எல்லாம் வேலை செய்கின்றன. வெரிஃபிகேஷன் (டிசைனைச் சரிபார்க்கும் வேலை) கற்றுக்கொள்ள நினைக்கும் ஒருவருக்கு, பெரிய நிறுவனங்களின் கருவிகளில் காசு கொடுத்தால்தான் திறக்கும் ஒரு கதவு இங்கே திறந்தே கிடக்கிறது. எனக்கு எக்ஸ்சிம்மில் ரொம்பப் பிடித்தது இதுதான், இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை.

பலவீனங்களும் நிஜம். சின்ன டெஸ்ட்பெஞ்சுக்குக்கூட எலாபரேஷன் (பகுதிகளை இணைத்து ஓடத் தயார் செய்வது) முடியும் வரை காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் நம் அன்றாட வேலை என்னும்போது அந்தக் காத்திருப்பு எரிச்சலூட்டும். நீண்ட ஓட்டங்களில், சீமென்ஸின் சிமுலேட்டரான குவெஸ்டாவின் முழுப் பதிப்போடு வேகத்தில் போட்டி போட முடியாது. சிந்தெசிஸ் மொழியைப் படிக்கும் விதமும் எக்ஸ்சிம் படிக்கும் விதமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஒன்று ஏற்கும் சிஸ்டம்வெரிலாக் வரியை இன்னொன்று மறுக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன, பதிப்புக்குப் பதிப்பு குறைந்துகொண்டு வந்தாலும். அப்புறம், வெளி நிரல்கள் சிமுலேட்டரோடு பேசும் வழியான விபிஐ கிடையாது. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இதனால்தான் பைத்தானில் டெஸ்ட் எழுத உதவும் கோகோடிபி எக்ஸ்சிம்மோடு சேராது. பைத்தான் டெஸ்டுகள்தான் உங்கள் வழி என்று முடிவெடுத்திருந்தால் எக்ஸ்சிம்மை மறந்துவிடுங்கள், அங்கே விவாதத்துக்கே இடமில்லை.

முதன்முதலாக எக்ஸ்சிம்மைத் தொடுபவருக்கு ஒரு குறிப்பு. சைலிங்ஸ் ப்ரிமிட்டிவ்களை (சிப்பின் அடிப்படை உறுப்புகளை) நேராக வைத்து எழுதினால், சிமுலேஷன் தொடங்கி முதல் 100 நானோசெகண்டுக்கு உலகளாவிய ரீசெட் பிடித்துவைத்திருக்கும், ஃப்ளிப்ஃப்ளாப் அசையாது. டெஸ்ட்பெஞ்சில் 20 நானோசெகண்டிலேயே ரீசெட்டை விட்டுவிட்டு டேட்டா அனுப்பினால் முதல் சில வார்த்தைகள் காணாமல் போகும், எழுதிய நிரலில் தவறு இருப்பதாக நினைத்து நாள் முழுக்கத் தேடலாம். டெஸ்ட்பெஞ்சில் அந்த 100 நானோசெகண்டைக் கடந்த பிறகே எதையும் தொடங்குங்கள்.

குவார்ட்டஸோடு வரும் குவெஸ்டா

குவார்ட்டஸ் தன் சொந்த சிமுலேட்டரைப் பல வருடங்களுக்கு முன்பே கைவிட்டுவிட்டது. அதற்குப் பின் மாடல்சிம் என்ற வெளி சிமுலேட்டரின் ஆல்டெரா பதிப்பு, இன்டெல் 2015-இல் ஆல்டெராவை வாங்கிய பிறகு அதே மாடல்சிம் இன்டெல் பெயரில். லைட் 20.1-தான் மாடல்சிம்மோடு வந்த கடைசி லைட். 21.1 முதல் குவெஸ்டா. இன்றும் நிறையப் பாடத்திட்டங்கள் 20.1-லேயே நிற்பதற்குக் காரணம் இதுதான்: மாடல்சிம்மின் இலவசப் பதிப்பான ஸ்டார்ட்டருக்கு லைசென்ஸ் கோப்பு தேவையில்லை, குவெஸ்டா ஸ்டார்ட்டருக்குத் தேவை. இலவசம்தான், ஆனால் கணினியின் நெட்வொர்க் அட்டை எண்ணைக் கொடுத்து, இணையதளத்தில் கோப்பை உருவாக்கி, லைசென்ஸ் கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் சூழல் மாறியை அமைத்து, ஒரு வருடம் கழிந்ததும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். தனி ஆளுக்கு இது ஒரு மணி நேர வேலை. 60 கணினிகள் உள்ள ஆய்வகத்துக்கு இது ஒவ்வொரு வருடமும் வரும் தலைவலி, அதுவும் செமஸ்டர் நடுவில் காலாவதியானால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் 20.1-லேயே இருந்துவிடலாமே என்றால், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மாடல்சிம் ஸ்டார்ட்டர் 32-பிட் மென்பொருள். புதிய லினக்ஸில் அதை எழுப்ப பழைய 32-பிட் லைப்ரரிகளைத் தேடித் தேடிச் சேர்க்க வேண்டும். 10,000 இயங்கும் வரிகளைத் தாண்டியதும் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குவெஸ்டா 64-பிட், இன்றைய லினக்ஸில் வம்பு பண்ணாமல் ஓடும்.

மாடல்சிம்மிலிருந்து வருபவர்களை முதலில் திகைக்க வைப்பது வேறொன்று: பழைய ஸ்கிரிப்ட் ஓடுகிறது, சிக்னல்களை வரைந்து காட்டும் வேவ்ஃபார்ம் ஜன்னலில் பாதி சிக்னலைக் காணோம். குவெஸ்டா ஓடுவதற்கு முன் டிசைனை ஆப்டிமைஸ் செய்கிறது, வெளியே தெரியத் தேவையில்லை என்று நினைப்பதைக் கரைத்துவிடுகிறது. பழைய ஸ்கிரிப்டுகளில் ஆப்டிமைசேஷனே வேண்டாம் என்று சொல்லும் ஆப்ஷன் இருக்கும், அதை இனி நம்ப முடியாது. சிக்னல்களைப் பார்க்கும் அனுமதியை வெளிப்படையாகக் கேட்கும் ஆப்ஷனைச் சேர்த்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். பிழை தேடும்போது மட்டும் அதைப் போடுங்கள், எல்லா டெஸ்டுகளையும் மறுபடி ஓட்டும் இரவு முழுக்க ரிக்ரெஷனுக்கு எடுத்துவிடுங்கள். வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மொழி ஆதரவில் குவெஸ்டா எக்ஸ்சிம்மைவிட ஒரு படி மேலே, குறிப்பாக விஎச்டிஎல் எழுதுபவர்களுக்கு. பிழைச் செய்திகள் தெளிவு, சிக்னலிலிருந்து அதை ஓட்டும் வரிக்குப் பின்னோக்கிப் போவது சுலபம், வேவ்ஃபார்ம் ஜன்னலில் பல வருடப் பக்குவம் தெரிகிறது. ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது: குவெஸ்டா விஎச்டிஎல் மொழியின் 2008 தரத்தை நன்றாகப் புரிந்துகொள்ளும், லைட்டின் சிந்தெசிஸோ அதில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்கும். சிமுலேஷனில் அழகாக ஓடிய நிரல் கம்பைலில் விழும். ப்ரோவின் உள்பகுதி இதில் எவ்வளவோ தேவலை, ஆனால் உங்கள் சிப் அதில் இருக்க வேண்டுமே. லைட்டில் வேலை செய்பவர்கள் ஒரு மாட்யூல் எழுதியதும் சிமுலேஷனுக்கு முன்பே ஒரு தடவை குவார்ட்டஸின் அனாலிசிஸை (மொழியைப் படித்துப் பார்க்கும் முதல் படி) ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

ரூட்டிங்குக்குப் பிந்தைய டைமிங் சிமுலேஷன் (சிக்னல் தாமதங்களோடு ஓட்டுவது) வேண்டும் என்பவர்கள் கவனிக்க: குவார்ட்டஸில் அது சைக்ளோன் IV, மேக்ஸ் II, மேக்ஸ் V போன்ற பழைய குடும்பங்களுக்கு மட்டும்தான், சைக்ளோன் V முதல் தாமதங்கள் இல்லாத ஃபங்ஷனல் மட்டுமே. விவாடோவில் உண்டு, ஆனால் வெரிலாக் நெட்லிஸ்ட்டாக (உறுப்புகள், இணைப்புகளின் பட்டியல்) மட்டும். இது பெரிய குறையா? இல்லை என்பேன். டைமிங்கை ஓட்டாமலே கணக்கிடும் ஸ்டாட்டிக் அனாலிசிஸ்தான் தீர்மானிக்க வேண்டும், நேர வரம்புகளைச் சொல்லும் கன்ஸ்ட்ரெயின்ட்டுகளைச் சரியாக எழுதுவதில் அந்த நேரத்தைச் செலவிடலாம்.

லாட்டிஸ், மைக்ரோசிப்

இங்கே சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் இரண்டிலும் இப்போது உள்ளே இருப்பது அதே குவெஸ்டாதான். லாட்டிஸ் நெடுங்காலம் ஆல்டெக்கின் ஆக்டிவ்-எச்டிஎல் கொடுத்தது, அது விண்டோஸில் மட்டும் ஓடும். பிறகு மாடல்சிம், இப்போது அதன் புது மென்பொருளான ரேடியன்ட்டில் குவெஸ்டாசிம். பழைய டயமண்டா ரேடியன்ட்டா என்பதும் சிப்பே முடிவு செய்வது: இசிபி5, மேக்எக்ஸ்ஓ2 என்றால் டயமண்ட், நெக்சஸ் குடும்பங்களும் அவான்ட்டும் ரேடியன்ட். மைக்ரோசிப்பின் மென்பொருளான லிபரோவிலும் மாடல்சிம் போய்க் குவெஸ்டாசிம் வந்திருக்கிறது, இலவச சில்வர் லைசென்ஸ் ஒரு வருடத்துக்கு. ஆக மூன்று நிறுவனங்களின் சிமுலேட்டரை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சீமென்ஸின் ஒரே எஞ்சினை மூன்று உறைகளில் ஒப்பிடுகிறோம். ஒரு கருவியில் கற்ற ஸ்கிரிப்ட் பழக்கம் அடுத்ததில் அப்படியே கைகொடுக்கும், இது உண்மையிலேயே நல்ல செய்தி. இன்னொரு எஃப்பிஜிஏ நிறுவனமான எஃபினிக்ஸ் வேறு வழி எடுத்தது: அதன் மென்பொருளான எஃபினிட்டி, திறந்த மூலமான ஐகாரஸ் வெரிலாக்கோடு சேர்ந்து வேலை செய்கிறது.

கூட வருவதை விட்டு வெளியே போனால்

வெரிலேட்டர், ஐகாரஸ், ஜிஎச்டிஎல், என்விசி: நான்கும் திறந்த மூல சிமுலேட்டர்கள். இந்த நான்கில் ஒன்றையாவது எல்லோரும் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2022-இல் வெரிலேட்டரின் 5-ஆம் பதிப்பு வந்து டிலே, காத்திருப்பு எல்லாம் உள்ள டெஸ்ட்பெஞ்சையும் ஓட்டத் தொடங்கிய பிறகு, அது சி++ தெரிந்தவர்களுக்கு மட்டும் என்ற நிலை மாறிவிட்டது. வேகம் அசுர வேகம். ஆனால் அது அடிப்படையில் 0, 1 என்ற இரண்டு நிலைகளில் சிந்திப்பது. ரீசெட் ஆகாத ரெஜிஸ்டரிலிருந்து, தெரியாத மதிப்பைக் குறிக்கும் எக்ஸ் சிவப்பாகப் பரவுவதைக் கண்ணால் பார்த்துப் பிழை பிடிக்கும் பழக்கம் இருந்தால், அந்த வேலைக்கு எக்ஸ்சிம்மோ குவெஸ்டாவோ ஐகாரஸோ வேண்டும். விஎச்டிஎல்காரர்களுக்கு ஜிஎச்டிஎல்லும் என்விசியும் போதும், 2008 தரத்தை லைட்டின் சிந்தெசிஸைவிட நன்றாகவே புரிந்துகொள்கின்றன.

இவை தடுத்து நிற்கும் இடம் ஒன்றுதான்: நிறுவனங்களின் ஐபி, அதாவது அவர்கள் தரும் ஆயத்த டிசைன் பகுதிகள். விவாடோவின் சாதாரண ப்ரிமிட்டிவ் மாடல்கள் படிக்கக்கூடிய கோப்பாகவே இன்ஸ்டால் ஆகின்றன, அவற்றை வெளி சிமுலேட்டரில் கம்பைல் செய்துகொள்ளலாம். டிரான்ஸீவர், பிசிஐஇ போன்ற, சிப்பிலேயே பதிந்துவரும் பகுதிகளின் மாடல்கள் ஐஇஇஇ 1735 என்ற குறியாக்க முறையில் பூட்டப்பட்டவை, சாவி வணிக சிமுலேட்டர்களிடம் மட்டும்தான். அதனால் டிசைனை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: சொந்த லாஜிக் ஒரு பக்கம், ஐபியைத் தொடும் மெல்லிய உறை இன்னொரு பக்கம். சொந்த லாஜிக்கின் டெஸ்டுகள் வெரிலேட்டரிலோ ஜிஎச்டிஎல்லிலோ ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓடட்டும், உறையை மட்டும் எக்ஸ்சிம் அல்லது குவெஸ்டாவில் பாருங்கள்.

புதுப்பிப்பதா வேண்டாமா

விவாடோவில் புதுப் பதிப்பில் ப்ராஜெக்டைத் திறந்து ஐபிகளை அப்கிரேட் செய்துவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டை நடுவில் மாற்றாதீர்கள். முழு விவாடோ 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்டாலும் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. இன்ஸ்டால் செய்யும்போது உங்களிடம் இல்லாத சிப் குடும்பங்களை நீக்கிவிட்டால் பாரம் கணிசமாகக் குறையும். வெளியே குவெஸ்டா வைத்திருந்தால் ஒவ்வொரு விவாடோ பதிப்பும் எந்தக் குவெஸ்டா பதிப்பை ஏற்கிறது என்ற பட்டியலை முதலில் பாருங்கள், சிமுலேஷன் லைப்ரரிகளைப் புதிதாக கம்பைல் செய்ய ஒரு மாலை ஒதுக்குங்கள். குவார்ட்டஸில் இந்த வேலை மிச்சம், கூட வரும் குவெஸ்டாவில் ஆல்டெரா லைப்ரரிகள் ஏற்கெனவே கம்பைல் ஆகியே வருகின்றன. லைட்டிலிருந்து ப்ரோவுக்குப் போகிறவர்கள் மட்டும், ஒரு பொத்தானில் சிமுலேட்டரைத் திறக்கும் நேட்டிவ்லிங்க் வசதி அங்கே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

யாருக்கு எது என்று என்னைக் கேட்டால்: சிஸ்டம்வெரிலாக் வெரிஃபிகேஷன் கற்க வந்தவருக்கு, எந்தச் சிப் வைத்திருந்தாலும், எக்ஸ்சிம். விஎச்டிஎல்லில் தினசரி வேலை செய்பவருக்குக் குவெஸ்டா, லைசென்ஸ் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு. பைத்தான் டெஸ்டுகளுக்கு வெரிலேட்டர் அல்லது ஐகாரஸோடு கோகோடிபி. ஆய்வகம் நடத்துபவருக்கு, வருடாந்திர லைசென்ஸ் வேலைக்கு ஒரு ஆளை ஒதுக்க முடியாது என்றால், சிந்தெசிஸுக்கு மட்டும் குவார்ட்டஸ் லைட்டின் புதுப் பதிப்பை வைத்துக்கொண்டு சிமுலேஷனை ஜிஎச்டிஎல் அல்லது ஐகாரஸுக்கு மாற்றிவிடுவதுதான் என் சிபாரிசு. மாணவர்கள் சொந்த லேப்டாப்பிலும் அதையே இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.