முறுக்கு டப்பாவும் பத்து எண்ணிக்கையும்

போன டிசம்பரில் ஊருக்குப் போய் இரண்டு நாள் ஆவதற்குள் மனசு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. தம்பி மகளுக்கு இரண்டே முக்கால் வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை. எவர்சில்வர் மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். என் மகனுக்கும் ஆட்டிசம் உண்டு, அவனுக்கு இப்போது ஒன்பது வயது. அதனால் எனக்கு இதெல்லாம் பழகிய காட்சிகள்.

வீட்டில், "அவ அப்பனே நாலு வயசுலதான் பேசுனான்" என்றார்கள். "வசம்பு உரைச்சு நாக்குல தடவு" என்றார்கள். தம்பி மனைவி மட்டும் ராத்திரி மொட்டை மாடிக்கு வந்து, "உங்களுக்குத் தெரியுது அண்ணி, மறைக்காம சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போனோம். அந்த வளாகத்திலேயே டி.இ.ஐ.சி. என்ற மையம் இருக்கிறது. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடிக்க 2013இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் வருவது, காசு கிடையாது. இங்கிலாந்தில் என் மகனை ஒரு நிபுணர் முதன்முதலாகப் பார்க்க இரண்டு வருஷம் காத்திருந்தோம். இங்கே காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டோம், மதியத்துக்குள் குழந்தை மருத்துவரும் சைக்காலஜிஸ்ட்டும் பார்த்துவிட்டார்கள். ஆனால் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரே ஒருவர். வாரத்துக்கு ஒரு முறை, முக்கால் மணி நேரம், அவ்வளவுதான் கிடைக்கும். வெளியே பெஞ்சு நிறைய தாய்மார்கள். இரண்டு பஸ் மாறி வந்தவர்களும் இருந்தார்கள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் தெரபிஸ்ட் செய்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். சோப்புக் குமிழி ஊதினார். குழந்தை துள்ளினாள். உடனே பாட்டிலை இறுக மூடி அவள் கையிலேயே கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். குழந்தை திருகிப் பார்த்தாள், முடியவில்லை, சிணுங்கினாள். தம்பி மனைவி பதறிப் போய்த் திறக்கக் கையை நீட்டினாள். "மனசுக்குள்ள பத்து எண்ணுங்கம்மா" என்றார் தெரபிஸ்ட். எட்டோ ஒன்பதோ எண்ணியிருப்போம், பாட்டில் அவர் மடிக்கு வந்தது. "இதுதான் கேக்குறது. பேச்சு இதுக்குப் பின்னாடி வரும்."

எனக்குச் சுருக்கென்றது. நம் வீடுகளில் குழந்தை கேட்பதற்கு முன்னாலேயே எல்லாம் கைக்கு வந்துவிடும். தண்ணீர், பால், பிஸ்கட் என்று ஆளாளுக்கு ஓடிவந்து கொடுப்போம். அது பாசம்தான். ஆட்டிசம் அதனால் வருவதும் இல்லை, இதை அம்மாவுக்கு நான் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். ஆனால் கேட்கப் பழக வேண்டிய குழந்தைக்குக் கேட்கும் வேளையே வாய்க்காமல் போகிறது. என் மகனுக்கும் நான் இப்படித்தான் செய்தேன்.

நடுவில் தம்பி ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிப்போனான். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று லட்சக்கணக்கில் சொன்னார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது, அப்படி விளம்பரம் செய்வதே தொழில் நெறிக்குப் புறம்பு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. நிலத்தை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த தம்பியைக் கெஞ்சித்தான் நிறுத்தினேன். தயவுசெய்து யாரும் இதில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கவும் தம்பி தயங்கினான். "பொம்பளப் புள்ளக்கா, நாளைக்கு..." என்று இழுத்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் நிராமயா என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், அதில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவுக்கும் உண்டு. கடைசியில் விண்ணப்பம் போட்டான்.

வீட்டில் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டோம். மூடியை இறுக்கி, அவளுக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். கஷ்டப்பட்டது அம்மாதான். பேத்தி சிணுங்கினால் அவருக்குக் கண் கலங்கிவிடும், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, அப்பாயி கையைப் பிடித்து மூடிமேல் வைத்தாள். அம்மா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு எண்ணும்போது அவள் நிமிர்ந்து அப்பாயி முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அம்மா எட்டு எண்ணவில்லை, மூடியைத் திறந்துவிட்டார்.