தனித்தனி உதவியா, கூட்டுக் குரலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தொண்டு அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்று உணவுக்கூடை கொடுக்கிறது, மற்றொன்று பள்ளிச் சீருடை. இந்தத் தனி வழியின் பலம் வேகம். செம்பனைத் தோட்டத்தில் வேலை இழந்தவர் வீட்டுக்கு அன்று மாலையே அரிசி போய்ச் சேரும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அரிசி தீர்ந்ததும் மீண்டும் அதே பட்டினி.

அமைப்புகள் சேர்ந்து கொள்கை மாற்றம் கேட்பது மெதுவான வழி. கூட்டம், மனு, நாடாளுமன்ற உறுப்பினருடன் சந்திப்பு என்று மாதங்கள் ஓடும். யார் பெயர் முதலில் என்ற சச்சரவும் வரும். ஆனாலும் அரசின் விதி மாறினால் அதன் வீச்சே வேறு. 2021 வரவு செலவுத் திட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான சமூக நலத்துறையின் மாத உதவி, தலைக்கு 100 ரிங்கிட்டிலிருந்து ஆறு வயது வரை 200, ஏழு முதல் 18 வரை 150 என உயர்ந்தது. ஒரு குடும்பம் பெறக்கூடிய உதவியின் உச்சவரம்பும் 450 ரிங்கிட்டிலிருந்து 1,000 ஆனது. எந்தச் சங்கத்தின் நன்கொடையாலும் நாடு முழுவதும் மாதந்தோறும் இப்படித் தர முடியாது.

என் தேர்வு கூட்டு வழிதான். உணவுக்கூடை நிற்க வேண்டாம். பெற்றோர் சம்மதத்துடன் உதவி பெறுவோர் பட்டியல்களை ஒன்றாக்கி, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கு அதைக் கேட்கும் கோரிக்கையிலிருந்து தொடங்கலாம்.