அமெரிக்க வனத்துறையின் இலவச வரைபடம்: காட்டில் கூடாரம் அடிக்க இதை நம்பலாம்

அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில், தென் விளிம்பு முகாம்களில் இடம் பிடிக்க மாதக்கணக்கில் முந்திக்கொள்ள வேண்டும். செப்டம்பர் கடைசியில் போவதென்று நாங்கள் முடிவெடுத்தபோது எல்லாம் நிரம்பிவிட்டது. ஆனால், பூங்கா வாசலுக்குத் தெற்கே கைபாப் தேசியக் காடு விரிந்து கிடக்கிறது. அங்கே அனுமதித்த சாலையோரங்களில் கட்டணமோ முன்பதிவோ இல்லாமல் கூடாரம் அடிக்கலாம். 'டிஸ்பர்ஸ்டு கேம்பிங்' என்பார்கள். எந்தச் சாலையோரம் என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

காசு கொடுத்து வாங்கிய ஒரு செயலியை நம்பிப் போனோம். அது தனியார் நிலமொன்றின் பூட்டிய கேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. பொழுது சாய்கிறது, பின் இருக்கையில் மகளுக்குப் பசி. வீட்டிலேயே 'அவென்சா' என்ற வரைபடச் செயலியில் இறக்கி வைத்திருந்த வனத்துறையின் 'மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்' அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

2005-இல் வந்த விதியின்படி, எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்று ஒவ்வொரு தேசியக் காடும் வரையறுத்து இந்த வரைபடத்தை வெளியிடுகிறது. பார்க்க அழகாக இருக்காது. கறுப்புக் கோடுகளும் எண்களும்தான். பெரிதாக்கிப் பார்த்தால், சில கோடுகளின் ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கூடாரம் அடிக்கலாம். சாலையிலிருந்து எத்தனை அடி உள்ளே போகலாம் என்பது வரைபடத்தின் அட்டவணையில் இருக்கிறது. சிக்னல் சுத்தமாக இல்லாதபோதும் நாம் நிற்கும் இடத்தைச் செயலியின் நீலப் புள்ளி காட்டிக்கொண்டே வந்தது.

துசேயன் ஊரருகே 302-ஆம் காட்டுச் சாலையில் திரும்பினோம். பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவே, முன்னால் வந்தவர்கள் கல் அடுக்கி வைத்திருந்த அடுப்பருகிலேயே கூடாரம் போட்டோம். புதிதாக இடம் திருத்தாமல் பழகிய இடத்தில் தங்குவதுதான் காட்டுக்கு நல்லது. மரப்பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்த மகள், "அப்பா, ஐஸ்கிரீம் வாசனை!" என்றாள். வெனிலாவேதான். இரவு முழுக்க எல்க் மான்கள் குழல் ஊதுவதுபோலக் கூவிக்கொண்டிருந்தன.

குறையும் உண்டு. மேடு பள்ளமோ சாலையின் நிலையோ இதில் தெரியாது. தாழ்வான கார் என்றால் மழை நாளில் உள்ளே போகாதீர்கள். நெருப்பு மூட்டத் தடை இருக்கிறதா என்றும் இதைப் பார்த்து அறிய முடியாது. கிளம்புமுன் வனத்துறையின் ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அரிசோனாவில் மே, ஜூன் மாதங்களில் காடு பஞ்சுபோலக் காய்ந்து கிடக்கும்.

தண்ணீரும் கழிப்பறையும் கிடையாது. மூன்று பேருக்கு இரண்டு இரவுக்கு நாற்பது லிட்டர் கொண்டுபோனோம், சரியாக இருந்தது. சிறு மண்வெட்டி கட்டாயம்; மலம் கழிக்க ஆறு முதல் எட்டு அங்குல ஆழம் தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும்.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். அடுத்து கொகோனினோ காட்டின் வரைபடத்தையும் இறக்கி வைத்துவிட்டேன்.