கார் ஏசிக்கு டின் கேஸ் வாங்குபவர்கள் கவனத்துக்கு

கார் ஏசிக்கு இணையத்தில் கேஸ் டின் வாங்கி வீட்டிலேயே நிரப்ப நினைப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். 'ஆர்-134ஏ' (கார் ஏசியைக் குளிர்விக்கும் வாயுவின் பெயர்) என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட டின்னில் எனக்கு வந்தது எளிதில் தீப்பற்றும் வாயு. கூடவே, டின்மேல் ஒரு வரிகூடக் குறிப்பிடப்படாத சீலண்டும் (கசிவை அடைக்கும் பசை) இருந்தது. விற்றவர் இன்றும் அதையே விற்றுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

என் காரில் ஒரு குழாய் இணைப்பின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்து கேஸ் முழுவதும் கசிந்து போயிருந்தது. ஓ-ரிங்கை மாற்றி, வாக்யூம் பம்ப் போட்டு ஈரத்தையும் காற்றையும் இழுத்து, அழுத்தம் காட்டும் கேஜின் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸ் ஏற்றினேன். எத்தனை கிராம் வேண்டும் என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டின்னைத் தராசில் வைத்துத்தான் நிரப்பினேன். டின் காலியானபோது, அச்சிட்டிருந்த எடையில் பாதிகூட இறங்கியிருக்கவில்லை. ஆனால் ஏசி நன்றாகவே குளிர்ந்தது.

எடை குறைவு பற்றி விற்றவரிடம் கேட்டதற்கு, "வழியில் கொஞ்சம் ஆவியாகியிருக்கும் சார்" என்று பதில் வந்தது. மூடி முத்திரை உடையாத டின்னிலிருந்து பாதி கேஸ் எப்படி ஆவியாகும்? திருப்பிக் கேட்டதும், "குளிர்கிறது அல்லவா, பிறகு என்ன பிரச்சினை?" என்றார்.

பிரச்சினை அந்தக் குளிர்ச்சியிலேயே இருக்கிறது. புரொப்பேன், ஐசோபியூட்டேன் என்ற எரிவாயுக்களும் மிக நன்றாகக் குளிர்விக்கும். இரண்டையும் தக்க விகிதத்தில் கலந்தால் அழுத்தமும் ஆர்-134ஏ-க்கு நெருக்கமாக வந்துவிடும். சுத்தமான ஆர்-134ஏ திரவம் உள்ள டின், 30 டிகிரி வெப்பத்தில் கேஜில் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்டும். கலப்பட வாயுவும் அதை ஒட்டியே காட்டக்கூடும் என்பதால் கேஜை மட்டும் நம்பிப் பயனில்லை. அடர்த்தியை அப்படி மறைக்க முடியாது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆர்-134ஏ திரவம் சுமார் 1.2 கிலோ இருக்கும். இந்த எரிவாயுக்கள் அரைக் கிலோ அளவுதான். என் டின்னின் எடை குறைந்த காரணம் அதுதான். எவ்வளவு அழுத்தி நிரப்பினாலும் அந்த டின்னுக்குள் அச்சிட்ட எடை அடங்கவே அடங்காது.

சமையல் எரிவாயு சிலிண்டரில் இருப்பதும் இதே குடும்பம்தான். காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே தீப்பற்றும். கார் ஏசியின் கூலிங் காயில் டாஷ்போர்டுக்குப் பின்னால், நாம் உட்காரும் இடத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே கசிந்தால் வாயு கண்ணாடி ஏற்றிய காருக்குள்தான் சேரும். பின் இருக்கையில் குழந்தைகளை உட்காரவைத்துக்கொண்டு சில வாரங்கள் இதை ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "வீட்டு ஃபிரிட்ஜிலும் இதே கேஸ்தானே" என்று அந்த விற்பனையாளர் பிறகு வாதிட்டார். ஃபிரிட்ஜ் அந்த வாயுவுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அளவும் மிகக் குறைவு, குழாய்கள் பற்றவைத்து மூடியவை. காரில் ரப்பர் குழாய்கள், ஓ-ரிங்குகள், ஓயாத அதிர்வு. வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரோ முன் பம்பருக்குப் பின்னாலேயே நிற்கிறது. சின்ன மோதலிலும் முதலில் அடிபடுவது அதுதான்.

உண்மை வெளிவந்தது சீலண்டால். சில வாரங்களில் குளிர்ச்சி விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. லோ சைடு (குறைந்த அழுத்தப் பக்கம்) கேஜ் முள் ஏறக்குறைய வாக்யூம் வரை இறங்கியது. கூலிங் காயிலுக்குள் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வின் மேல் உறைபனி படிந்தது. வால்வு அடைத்திருப்பதன் அடையாளம் இது. ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் கேஸை இழுக்கும் முன் ஒரு சோதனைக் கருவியை மாட்டினார். திரையில் ஹைட்ரோகார்பன் (புரொப்பேன் போன்ற எரிவாயு வகை) என்று வந்ததும் கேஸை இழுக்கும் தன் மெஷினை இணைக்கவே மறுத்துவிட்டார். அது நியாயம்தான்: இந்தக் கலவை உள்ளே போனால் அவர் சேமித்து வைத்திருக்கும் கேஸ் மொத்தமும் கெடும்; ஈரம் பட்டால் இறுகும் சீலண்ட், மெஷினையும் அடைத்துவிடும். கழற்றிய வால்வின் வாயில் பிசின் போன்ற மஞ்சள் படலம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. வால்வு, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் இரண்டையும் மாற்றிக் குழாய்களைக் கழுவ வேண்டியதாயிற்று. கம்ப்ரசர் எவ்வளவு காலம் தாங்கும் என்று மெக்கானிக் உறுதி சொல்லவில்லை.

இதைவிடக் கொடிய கலப்படமும் உண்டு. மெத்தில் குளோரைடு கலந்த போலி ஆர்-134ஏ அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டதும் தானே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். 2011-இல் கப்பல்களில் ஏற்றும் குளிர்பதனக் கொள்கலன்கள் இப்படி வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் இல்லாத டின்னைத் தொடாதீர்கள். கேஸ், ஆயில், லீக் அடைப்பு எல்லாம் ஒரே டின்னில் என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கசிவை, கசியும் பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றியோ பழுதுபார்த்தோதான் சரிசெய்ய வேண்டும். ஹைப்ரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஆயில் விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். பெரும்பாலும் அவற்றின் கம்ப்ரசருக்குள் உயர் மின்னழுத்த மோட்டாரே இருக்கிறது. மின்சாரத்தைக் கடத்தக்கூடிய தவறான ஆயில் அதில் கலக்கவே கூடாது.

இப்படிப்பட்ட டின்னை ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள் என்று சந்தேகம் வந்தால் ஏசியைப் போடாதீர்கள். வால்வைத் திறந்து நீங்களே வெளியேற்றவும் முயலாதீர்கள். மூடிய கராஜில் அது தீவிபத்தில் முடியலாம். காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். காரை ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப்போகும் முன்பே, என்ன டின் ஏற்றினீர்கள் என்பதை மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். காலி டின்னையும் கையோடு கொண்டுபோங்கள். எரியும் வாயுவை இழுக்கத் தனிக் கருவியும் தனிச் சிலிண்டரும் வேண்டும். அவை இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு காரை விடுங்கள்.